சப்வூஃபர் முதுகில் எட்டு மஞ்சள் கோடுகள்

ஹோம் தியேட்டர் மாட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களே, வயர் நீளம், வாட் கணக்கு பற்றியெல்லாம் நான் உங்களிடம் பேசப்போவதில்லை. அதற்கு உங்கள் கைப்பேசியிலேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பேசப்போவது சந்தேகத்தைப் பற்றி. ஓசூரில் இத்தனை வருஷம் அடுத்தவர் வீட்டு ஹாலில் நின்று வேலை பார்த்தவன் சொல்கிறேன், நம் தொழிலில் மின்சாரத்துக்கு அடுத்தபடியாக ஓடிக்கொண்டே இருப்பது அதுதான்.

வீட்டுக்காரருக்கு நம்மேல் சந்தேகம். நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை வைத்துவிடுவோமோ என்று. நமக்கு வீட்டுக்காரர்மேல் சந்தேகம். தானே எதையாவது திருகிக் கெடுத்துவிட்டு நம் தலையில் கட்டுவாரோ என்று. கடைக்காரருக்கு ரெண்டு பேர்மேலும் சந்தேகம். இதில் நானும் லேசுப்பட்டவன் இல்லை. ஒரு வீட்டுக்குள் போகும்போது என் டூல் கிட்டில் எத்தனை ஸ்பேனர் என்று எண்ணிக்கொண்டு போவேன், வரும்போதும் எண்ணுவேன். அந்த வீட்டு அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டேதான் எண்ணுவேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு அடுக்குமாடி வீடு. வீட்டுக்காரர் பெயர் செல்வராஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, வண்டி உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தார். நாள் முழுக்க அடுத்தவர் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். வீட்டுக்கு வந்தால் மட்டும் விட்டுவிடுவாரா? அட்டைப் பெட்டியின் சீல் டேப்பை நாங்கள் பிரிக்கும்போதே கைப்பேசியில் படம் பிடித்தார். பேஸ் சத்தம் தரும் சப்வூஃபர் பெட்டியை வெளியே எடுத்து வைத்ததும், "ஒரு நிமிஷம், கை வைக்காதீங்க" என்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு மஞ்சள் பெயின்ட் மார்க்கர்.

நம் ஊர்ப் பசங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனிகளில் ஒரு போல்ட்டை முறுக்கி முடித்தால், போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு ரெண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். செல்வராஜ் அந்தக் கோட்டைத்தான் எங்கள் கண்ணெதிரே போட்டார். பவர்டு சப்வூஃபரில் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே இருக்கும் அல்லவா? அது உட்கார்ந்திருக்கும் பின்பக்கத் தகட்டை எட்டு ஸ்க்ரூ பிடித்திருந்தது. எட்டுக்கும் எட்டு மஞ்சள் கோடு.

"தப்பா நெனைக்காதீங்க. எனக்கு எல்லாத்துலயும் ஒரு டிரேஸ், ஒரு அடையாளம் வேணும்" என்றார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். என்னோடு வந்திருந்த அன்வர், "நல்லதுங்க சார். நாளைக்கு எங்களுக்கும் பாதுகாப்பு" என்றார். அன்வர் சிங்காரப்பேட்டைக்காரர். என்னைவிட நாலு வயசு சின்னவர். ஒன்பது வருஷமாக ஒரே வண்டியில் நானும் அவரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். பேச்சு குறைவு, கை சுத்தம். கை சுத்தம் என்று இப்போது சுலபமாகச் சொல்கிறேன். சொல்லவேண்டிய நாளில் சொல்லவில்லை.

அன்றைக்கு மூன்று காரியம் நடந்தது. மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, சப்வூஃபருக்குப் போகும் கேபிள் ரெண்டு அடி போதவில்லை. வாங்க நான் பாகலூர் ரோட்டுக் கடைக்குப் போனேன், முக்கால் மணி நேரம் ஆனது. ரெண்டாவது, அந்த நேரத்தில் செல்வராஜுக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்து, அவர் பால்கனியில் நின்று யாரோடோ கத்திக்கொண்டிருந்தார். ஹாலில் அன்வர் தனியாக இருந்தார். மூன்றாவது, என் சோம்பேறித்தனம்.

அந்த மூன்றாவதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஆழமான பேஸ் சத்தம் ஒரு அறைக்குள் சமமாகப் பரவாது. சுவரில் மோதித் திரும்பி, சில இடத்தில் கும்மென்று குவியும், சில இடத்தில் ஒன்றையொன்று தின்றுவிட்டு ஒன்றுமே இல்லாமல் போகும். அதனால் பெட்டியை நாம் உட்காரும் சோபாமேல் ஏற்றி வைத்து, பேஸ் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, நாம் சுவர் ஓரமாகத் தவழ்ந்துகொண்டே கேட்க வேண்டும். எந்த இடத்தில் பேஸ் நன்றாகக் கேட்கிறதோ அங்கேதான் பெட்டிக்கு இடம். வளர்ந்த ஆள் அடுத்தவர் வீட்டில் குழந்தைபோலத் தவழ்வது பார்க்க அசிங்கம்தான். ஆனால் அதைவிட நம்பகமான வழியை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

அந்த வீட்டுக்கு அன்றைக்கு சோபாவே வந்திருக்கவில்லை. டிவிக்குப் பக்கத்து மூலையில் பெட்டியை வைத்தேன். செல்வராஜும் அவர் மனைவியும் நானும் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று கேட்டோம். நெஞ்சில் இடித்தது. அவர் முகத்தில்கூட ஒரு சிரிப்பு வந்தது.

அன்வர் மட்டும் மெதுவாகச் சொன்னார். "அண்ணா, சோபா எங்க போடுவாங்கன்னு தெரியல. வந்தப்புறம் ஒருதரம் வந்து கேட்டுட்டு பில்லுல கையெழுத்து வாங்கலாம்ணா."

"விடுப்பா, அதான் இடிக்குதில்ல" என்றேன். எனக்கு மூட்டு வலி, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது, தவழவும் இஷ்டமில்லை.

பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை செல்வராஜ் கூப்பிட்டார். "நீங்க மட்டும் வாங்க. அந்த இன்னொருத்தர் வேணாம்" என்றார்.

போனேன். ஹால் நடுவில் புது சோபா போட்டிருந்தார்கள். உட்காரச் சொல்லிப் பாட்டைப் போட்டார். பேஸ் இல்லை. நிஜமாகவே இல்லை. தகர டப்பாவில் அரிசி கொட்டுவதுபோல மேல் சத்தம் மட்டும் வந்தது. நான் வாய் திறப்பதற்குள் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். எட்டுக் கோட்டில் ஆறு நேராக இருந்தன. கீழ்வரிசையில் ரெண்டு, தலையிலிருந்த கோடும் தகட்டிலிருந்த கோடும் விலகி நின்றன.

"தொறந்திருக்காங்க. உள்ள இருந்தத எடுத்துட்டு வேற ஏதோ வச்சிருக்காங்க. நீங்க கேபிள் வாங்கப் போனப்ப உங்காளு ஒத்தையாத்தான இருந்தாரு?" என்றார்.

"தொறந்து பாத்துரலாங்க. உள்ள போர்டு எதுன்னு தெரிஞ்சிரும்."

"தொட்டீங்கன்னா வாரன்டி போயிரும். அப்புறம் நீங்க சொல்றதுதான் கணக்கு. வேணாம். ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் தாரேன். திங்கக்கெழம கம்பெனி பஸ்ஸுல ஒரு வார்த்த சொன்னேன்னு வைங்க, இந்த ஏரியாவுல அவர யாரும் வாசப்படி ஏத்த மாட்டாங்க."

அது வெறும் மிரட்டல் இல்லை. கம்பெனி பஸ்ஸில் காலையில் ஏறும் ஒரு செய்தி, ஷிப்ட் முடிவதற்குள் நாலு குடியிருப்புக்கு இறங்கிவிடும். திருட்டுப் பெயர் ஒட்டினால் அன்வர் ஓசூரில் வேலை பார்க்க முடியாது.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். 'அவர் அப்படிப்பட்டவர் இல்லை.' அவ்வளவுதான். நான் சொன்னது, "பார்க்கிறேன்" என்று. மாடிப்படி இறங்கும்போதே என் மூளை வேலையை ஆரம்பித்துவிட்டது. அன்வர் மச்சானுக்காக ஒரு பழைய சப்வூஃபரைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார். அதற்கு பெங்களூரு போய் ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்று வாங்கி வந்ததாகப் போன வாரம் சொன்னார். நிஜமாகவே பெங்களூரு போனாரா? 'நாளைக்கு எங்களுக்கும் பாதுகாப்பு' என்று அன்றைக்கு ஏன் முந்திக்கொண்டு சொன்னார்? ஒன்பது வருஷம் பார்த்த மனிதர் ரெண்டு மாடி இறங்குவதற்குள் எனக்கு வேற்று ஆளாகிவிட்டார்.

வியாழக்கிழமை முழுக்க அவரிடம் ஒன்றும் சொல்லாமல் கூடவே வேலை செய்தேன். கையைப் பார்த்தேன், போன் பேசினால் காது கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மதியம் வழக்கம்போல டூல் பையை என் வண்டியில் மாட்டிவிட்டுத் தொழுகைக்குப் போனார். அந்தப் பையை அவர் என்னிடம் விட்டுப் போகாத வெள்ளிக்கிழமையே கிடையாது. நான் வண்டியை ஒரு மர நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போய் ஜிப்பைத் திறந்தேன்.

இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. டெஸ்டர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப், டிபன் பாக்ஸ். அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு போர்டு. பிரித்துப் பார்த்தால் பத்து வருஷத்துப் பழசு, தூசி அப்பியது, மச்சான் பெட்டியில் கழற்றியதாக இருக்க வேண்டும். செல்வராஜ் வீட்டுப் பெட்டிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அத்தோடு நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? 'செல்வராஜ் வீட்டுப் போர்டை வேறெங்கோ கொடுத்துவிட்டான், இதை நமக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கிறான்' என்றது. சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், கிடைத்தாலும் அதற்குச் சாட்சி, கிடைக்காவிட்டாலும் அதற்குச் சாட்சி. எல்லாவற்றையும் உள்ளே திணித்து ஜிப்பை மூடினேன்.

சனிக்கிழமை வேறு வழியில்லாமல் டீக்கடையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அன்வர் டீயைக் கீழே வைத்தார்.

"எப்பணா கூப்ட்டாரு?"

"புதன்கெழம."

"இன்னிக்கு சனிக்கெழம." கொஞ்ச நேரம் ரோட்டில் போன லாரியைப் பார்த்தார். "நீங்க என்னா சொன்னீங்க அவருகிட்ட?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா."

"சரி" என்றார். அந்தச் 'சரி' என் காதில் இன்னும் இருக்கிறது. பிறகு கேட்டார். "சோபா வந்திருச்சாணா?"

"வந்திருச்சு."

"எங்க போட்டுக்கீறாங்க?"

"நடு ஹால்ல."

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றார்.

ஞாயிறு காலை கதவைத் திறந்த செல்வராஜ் அன்வரைப் பார்த்ததும் வழியை மறித்து நின்றார். அன்வர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்று பேசினார். "சார், நான் எதையும் தொடமாட்டேன். பொட்டிய சோபாமேல தூக்கி வெக்க மட்டும் ஒரு கை குடுங்க. மீதிய அண்ணன் பாத்துக்குவாரு."

செல்வராஜின் மனைவி சோபாமேல் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்தார். பெட்டியை ஏற்றினோம். பாட்டு ஓடியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேட்டியாக இருந்தால் மடித்துக் கட்டியிருப்பேன், பேன்ட்டின் முட்டியைத் தளர்த்திக்கொண்டு தரையில் இறங்கினேன். மூட்டு கடகடவென்றது. டிவி மூலையிலிருந்து ஆரம்பித்து சுவரோரமாகத் தவழ்ந்தேன். மூலையில் ஒன்றுமில்லை. ஜன்னலுக்குக் கீழே கொஞ்சம். செல்வராஜ் என் பின்னாலேயே நடந்து வந்தார், தரையில் எதையாவது ஒளித்து வைக்கிறேனோ என்று பார்ப்பதுபோல.

"என்ன பண்றீங்க?" என்றார்.

"காது வெச்சுப் பாருங்க, தெரியும்."

வாசல் பக்கம் செருப்பு ஸ்டாண்டுக்கு அருகே வந்தபோது கும்மென்று வந்தது. நான் நகரவில்லை. "இங்க வாங்க" என்றேன். அவர் குனிந்தார். போதாது என்றேன். தன் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, தரம் பார்க்கும் அதிகாரி நாலு காலில் என் பக்கத்தில் வந்து நின்றார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டார்.

செருப்பு ஸ்டாண்டை நகர்த்திவிட்டுப் பெட்டியை அங்கே வைத்தோம். சோபாவில் அவரை உட்காரவைத்துப் பாட்டைப் போட்டோம். சோபா வந்ததிலிருந்து காணாமல்போன பேஸ் முழுசாக வந்து உட்கார்ந்தது. பெட்டிக்குள்ளிருந்து எதுவும் எங்கேயும் போகவில்லை. காது போய் உட்கார்ந்த இடம்தான் தப்பு. அந்த இடத்தைப் பார்க்காமல் பெட்டியை வைத்தது நான். அதை அங்கேயே சொன்னேன். "தப்பு என்னுதுங்க. அன்னிக்கே அன்வர் சொன்னாரு, சோபா வரட்டும்னு. நான்தான் கேக்கல."

செல்வராஜ் தலையாட்டினார். ஆனால் அவர் தொழில் அவரை விடவில்லை. "பேஸ் சரி. ஸ்க்ரூ?"

அன்வர் அப்போதுதான் ஹாலுக்குள் வந்தார். "உங்க கம்பெனில எதுக்கு சார் இந்தக் கோடு போடுறீங்க?"

"போல்ட் லூஸாகுதான்னு பாக்க."

"யாராச்சும் திருடுறாங்களான்னு பாக்கவா?"

"இல்ல. ஓட்டத்துல அதுவா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். பிறகு விட்டுக்கொடுக்காமல், "அது வண்டி. ரோட்டுல குலுங்கும்" என்றார்.

அன்வர் ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் தலையைக் காட்டினார். "கைய வெச்சுப் பாருங்க சார்."

செல்வராஜ் கையை வைத்தார். எடுக்கவில்லை. பேஸின் ஒவ்வொரு அடிக்கும் அவர் விரல்கள் நடுங்குவது எனக்கே தெரிந்தது.

"எனக்காக நம்ப வேணாம் சார். நீங்களே முறுக்குங்க, நீங்களே கோடு போடுங்க. நாங்க ஒரு வாரம் இந்தப் பக்கமே வரல. அடுத்த ஞாயிறு பாருங்க. கோடு நகரலன்னா பஸ்ஸுல சொல்லுங்க" என்றார் அன்வர்.

செல்வராஜே தன் ஸ்க்ரூ டிரைவரால் முறுக்கினார். பழைய கோட்டைத் துடைத்துவிட்டு எட்டுக்கும் புதுக்கோடு இழுத்தார். கிளம்பும்போது அன்வர், "சார், அந்த மார்க்கர ஒரு நிமிஷம் குடுக்கறீங்களா?" என்று வாங்கிக்கொண்டு வாசலில் வைத்திருந்த தன் டூல் பைமேல் குனிந்தார். ஏதோ வயருக்கு அடையாளம் போடுகிறார் என்று நினைத்தேன்.

அந்த ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கோடு நகரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு காலை செல்வராஜிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கீழ்வரிசையில் அதே ரெண்டு ஸ்க்ரூ, மயிரிழை விலகியிருந்தன. கூடவே போன். "யாரும் வரல. வீட்டப் பூட்டிச் சாவிய நானேதான் வச்சிருந்தேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "பதினாறு வருஷமா இதத்தான் பாக்குறேன். எனக்கே தோணலங்க. அவருகிட்ட நானே பேசுறேன்." பேசவும் செய்தார். கம்பெனி பஸ்ஸிலும் சொன்னார், ஆனால் வேறு கதையை. அந்தப் பஸ்ஸிலிருந்து மட்டும் எங்களுக்கு ஐந்தாறு வீடு வந்தது.

திங்கட்கிழமை காலை அன்வரைப் பார்த்ததும் நான் சந்தோஷமாக, "பாத்தியாப்பா, உம்பேரு தப்பிச்சுது" என்றேன். "ஆமாணா" என்று சொல்லிக்கொண்டே பையை என் வண்டியில் மாட்டினார். அப்போதுதான் பார்த்தேன். ஜிப்பின் தலையிலிருந்து பைத் துணிவரை குறுக்கே ஒரு மஞ்சள் கோடு.

நான் வண்டியைக் கிளப்பினேன். அதற்குப் பிறகும் ஆறு வருஷம் அந்தப் பை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் வண்டியில்தான் தொங்கியது. தொழுகைக்குப் போகுமுன் கோடு நேராகச் சேரும்படி ஜிப்பை இழுத்துவிட்டுப் போவார். என்னோடு சிரிப்பார், என் மகள் கல்யாணத்தில் பந்தி பார்த்தார், ஆஸ்பத்திரியில் எனக்குத் துணைக்கு இருந்தார். கோடு மட்டும் இருந்தது. நான் அந்தப் பையைப் பார்க்காமல் வண்டி ஓட்டப் பழகிக்கொண்டேன்.

நான் வேலையை விட்ட அன்றைக்கு, கடைசி வீட்டை முடித்துவிட்டு வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன். "அன்வரு, அன்னிக்கு வெள்ளிக்கெழம உன் பைய நான் தொறந்து பாத்தேன்பா."

"தெரியும்ணா. டெஸ்டர எடம் மாத்தி வெச்சிருந்தீங்க."

"அப்பவே என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

அவர் கோபப்படவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "புதன்கெழமையே நீங்க என்னைக் கேட்டிருக்கலாமேணா" என்றார்.

பிறகு என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.